வியூஃபைண்டரில் கண் வைத்தவர்

பழைய தமிழ்ப் படங்களில் டைட்டில் ஓடும்போது கவனித்திருப்பீர்கள். ‘ஒளிப்பதிவு’ என்று ஒரு பெயர் தனியாக வரும். கொஞ்ச நேரம் கழித்து, உதவியாளர்கள் பட்டியலோடு பட்டியலாக ‘ஆபரேட்டிவ் கேமராமேன்’ என்று இன்னொரு பெயர் வந்து போகும். சின்ன வயதில் எனக்கு இது குழப்பமாகவே இருந்தது. ஒளிப்பதிவாளர் என்றால் கேமராவைப் பிடிப்பவர்தானே, அவர் இருக்கும்போது கேமராவை இயக்க இன்னொருவர் எதற்கு?

விடை எளிது. ஒளியை அமைப்பது ஒரு வேலை. கேமரா ஓடும்போது ஃபிரேமைப் பிடித்து வைத்திருப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒருவரே செய்யலாம், இருவர் பிரித்துக்கொண்டும் செய்யலாம். எந்த இடத்தில் கோடு போட்டுப் பிரிப்பது என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. நம் விமர்சனங்களில் ‘ஒளிப்பதிவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரிக்குள் குறைந்தது மூன்று பேருடைய கை இருக்கிறது.

ஒரு காட்சியை வைத்துப் பார்க்கலாம். மதிய நேரம். ஓட்டு வீட்டுக் கூடத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். வாசலில் மகன் பையோடு வந்து நிற்கிறான். அம்மா எழுந்திருக்கிறார். திரைக்கதைத் தாளில் இவ்வளவுதான் இருக்கும்.

ஒளிப்பதிவாளருக்கு இது பல நாள் வேலை. கூடத்துக்குள் வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும்? வாசல் வழியாகவா, பக்கத்து ஜன்னல் வழியாகவா? அசல் வெயிலை நம்பி எடுத்தால், பத்து மணிக்குச் சுவரில் இருந்த கீற்று பதினொரு மணிக்குத் தரைக்கு இறங்கிவிடும். படத்தில் இரண்டு நிமிடம் வரும் காட்சியை எடுக்க நான்கு மணி நேரம் ஆகலாம். அந்த நான்கு மணி நேரமும் வெளிச்சம் அசையாமல் நிற்கவேண்டும். அதனால் ஜன்னலுக்கு வெளியே பெரிய விளக்கை ஏற்றி, முன்னால் பட்டர் பேப்பர் கட்டி, வேண்டாத வெயிலைக் கறுப்புத் துணியால் மறைக்கிறார்கள். அம்மாவின் முகத்தின் மறுபக்கம் இருட்டாக விழுகிறது. தெர்மாகோல் பிடித்து அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிடலாம், பிடிக்காமலும் விடலாம். தூக்கிவிட்டால் அது சாதாரணமான ஒரு மதியம். விட்டுவிட்டால், இந்த அம்மா ரொம்ப நாளாகத் தனியாக இருக்கிறார் என்பது யாரும் சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடும். லைட்மேன்களிடம் எதைச் சொல்லுவது, எந்த லென்ஸ், எந்த ஸ்டாப் (லென்ஸின் துளை எவ்வளவு திறப்பது என்ற அளவு, எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்), நேற்று எடுத்த வாசல் காட்சியோடும் நாளை எடுக்கப்போகும் சமையலறைக் காட்சியோடும் இது எப்படி ஒட்டும் என்பதெல்லாம் அவர் தலையில். படம் முடிந்த பிறகு கலரிஸ்டோடு உட்கார்ந்து நிறத்தைச் சரிசெய்யும் வரை அந்தப் பொறுப்பு தொடர்கிறது.

சரி, எல்லாம் தயார். ‘ஆக்‌ஷன்’ என்ற சொல் விழுந்ததும் வேலை ஆபரேட்டர் கைக்குப் போகிறது. அம்மா எழுந்திருக்கும்போது கேமராவும் அவரோடு மேலே போகவேண்டும். எப்போது தொடங்குவது? அவர் எழுவதற்கு அரை நொடி முன்னால் கேமரா நகர்ந்துவிட்டால், எழப்போகிறார் என்று கேமராவுக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது போல ஆகிவிடும். பார்ப்பவருக்கு ஏதோ பொய்யாகப் படும், ஏன் என்று சொல்லத் தெரியாது. பிந்திவிட்டால் தலை வெட்டுப்படும். சரியான நேரம் என்பது அவர் கை முழங்காலில் ஊன்றும் அந்தக் கணம். இதை ஒத்திகையில் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளவும் முடியாது. நல்ல நடிகை ஒவ்வொரு டேக்கிலும் கொஞ்சம் மாற்றித்தான் செய்வார். ஒரு டேக்கில் டக்கென்று எழுவார். அடுத்ததில் எழலாமா என்று தயங்கி, கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுவார். ஆபரேட்டர் அந்தத் தயக்கத்தோடு சேர்ந்து தயங்கவேண்டும். அதே நேரத்தில் ஃபிரேமின் மேல் விளிம்பில் மைக் எட்டிப்பார்க்கிறதா, தலைக்கு மேல் இடம் அதிகமாகிறதா, பின்னால் சுவர்க் காலண்டர் அவர் தலையிலிருந்து முளைத்தது போல நிற்கிறதா என்று கண் நான்கு மூலைக்கும் ஓடவேண்டும்.

மூன்றாவது ஆள் ஃபோகஸ் புல்லர், நடிகர் நகர நகர லென்ஸின் ஃபோகஸைத் திருப்பிச் சரிசெய்துகொண்டே இருப்பவர். டேப்பை எடுத்து, கேமராவின் பக்கவாட்டில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு குறி இருக்கும், அங்கிருந்து நடிகையின் கண் வரை அளப்பார். உட்கார்ந்தால் எட்டு அடி, எழுந்து முன்னால் வந்தால் ஆறு அடி. 85 எம்.எம். லென்ஸில் ஸ்டாப்பை 2-இல் வைத்து எடுத்தால், ஆறு அடி தூரத்தில் துல்லியமாகத் தெரியும் பகுதி கிட்டத்தட்ட இரண்டு அங்குலம்தான். நடிகை கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் கண்ணை விட்டுக் காதுக்குப் போய்விடும் ஃபோகஸ். ஒளிப்பதிவாளர் வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க, லென்ஸின் துளையை அகலமாகத் திறக்கவேண்டிவரும், இவருக்கு இடம் சுருங்கிக்கொண்டே போகும். ஒருவருடைய அழகுணர்ச்சிக்கு இன்னொருவருடைய விரல்கள் விலை கொடுக்கும் தொழில் இது.

ஃபிலிம் காலத்து ஆபரேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் அவருக்கு இருந்த இடம் இன்று யாருக்கும் இல்லை. 1937-இல் வந்த ஆரிஃபிளெக்ஸ் கேமராவில் ஷட்டரோடு சேர்ந்து ஒரு கண்ணாடி சுழலும். ஷட்டர் திறந்திருக்கும்போது வெளிச்சம் ஃபிலிமில் விழும். மூடியிருக்கும்போது அந்தக் கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பி வியூஃபைண்டருக்கு அனுப்பும். நொடிக்கு 24 முறை இப்படி மாறி மாறி நடக்கும். இதன் பொருள் என்னவென்றால், ஃபிலிமில் பதியும் கணத்தில் ஆபரேட்டருக்கு இருட்டு. ஃபிலிம் பார்க்காத கணத்தை மட்டும்தான் அவர் பார்க்கிறார். துப்பாக்கி வெடிக்கும் நெருப்பு வியூஃபைண்டரில் பளிச்சென்று தெரிந்துவிட்டால், ஐயோ, அது ஃபிலிமில் விழுந்திருக்காதோ என்று சந்தேகப்படவேண்டும். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்கவும் கூடாது. எடுத்தால் அந்த ஓட்டை வழியாக வெளி வெளிச்சம் உள்ளே புகுந்து ஃபிலிமைக் கெடுத்துவிடலாம். அதற்கும் முந்திய மிட்செல் கேமராக்களில் நிலைமை இன்னும் கடினம். கேமரா உடலை ஒரு பக்கம் நகர்த்தி லென்ஸ் வழியாக ஃபிரேம் பார்த்து, பிறகு பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் ஓட்டவேண்டும். ஓடும்போது பக்கத்தில் பொருத்திய தனி வியூஃபைண்டரில் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் கணக்குப் போட்டுக்கொள்ளவேண்டும்.

மானிட்டர் கிடையாது. லேபில் ஃபிலிமைக் கழுவிப் போட்டுப் பார்க்கும் முதல் பிரதியான ரஷ் வரும் வரை அந்த ஷாட்டைப் பார்த்தவர் செட்டில் ஒரே ஒருவர்தான். ‘கட்’ சொன்னதும் இயக்குநர் முதலில் திரும்புவது அவரை நோக்கித்தான். அவர் தலையாட்டினால் அடுத்த ஷாட். ‘இன்னொன்று போகலாம்’ என்றால், எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் இன்னொன்று போயாகவேண்டும். படத்தின் முதல் ரசிகர் அவர், அந்த ரசிகரின் வார்த்தையை நம்பித்தான் அத்தனை பேரும் வேலை செய்தார்கள். 1960-இல் நடிகரும் இயக்குநருமான ஜெர்ரி லூயிஸ், தான் நடிப்பதைத் தானே உடனே பார்க்க வசதியாகக் கேமராவோடு ஒரு வீடியோ இணைப்பை வைத்துக்கொண்டார். அந்த ஏற்பாடு மெல்ல மெல்லப் பரவி, இன்று இயக்குநரிலிருந்து மேக்கப்மேன் வரை எல்லோரும் ஆளுக்கொரு மானிட்டரில் பார்க்கிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தலையாட்டலுக்கு இருந்த எடை போய்விட்டது.

யார் யாரிடம் பேசுவது என்பதில் நாடுகளுக்குள் வேறுபாடு உண்டு. பிரிட்டனின் பழைய முறையில் ஆபரேட்டர் நேரடியாக இயக்குநரோடு பேசி ஷாட்டை அமைப்பார். லென்ஸ், கோணம், நகர்வு எல்லாம் அவர்கள் இருவருக்குள். ஒளிப்பதிவாளர் ஒளியைக் கவனிப்பார். அமெரிக்க முறையில் எல்லாம் ஒளிப்பதிவாளருக்குக் கீழே. ஆபரேட்டர் அவருடைய ஆள். தொழிற்சங்க விதிப்படி ஆபரேட்டர் தனியாக இருந்தாகவேண்டும் என்று அங்கே நீண்ட காலம் வழக்கம் இருந்தது. சுவீடனில் தன் கேமராவைத் தானே இயக்கிப் பழகிய ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட் அமெரிக்காவுக்குப் போனபோது இது அவருக்குச் சிரமமாக இருந்தது. இத்தாலியின் விட்டோரியோ ஸ்டொராரோவோ, என்ரிகோ உமெதெல்லி என்ற ஒரே ஆபரேட்டரைப் பல படங்களுக்குக் கூடவே வைத்துக்கொண்டார். ஒருவர் ஒளியை யோசிக்கும்போது மற்றவர் அதைப் பிடிக்கத் தயாராக இருப்பார்.

பிரிட்டிஷ் முறையின் அழகு 1975-இல் வந்த ‘பேரி லிண்டன்’ படத்தில் தெரியும். ஸ்டான்லி குப்ரிக், பதினெட்டாம் நூற்றாண்டு அறைகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுக்கவேண்டும் என்று நின்றார். அதற்காக நாசாவுக்கென்று ஸைஸ் நிறுவனம் செய்த, 0.7 ஸ்டாப் வரை திறக்கும் 50 எம்.எம். லென்ஸைப் பிடித்தார். அது கேமராவில் பொருந்தவே பொருந்தாது, கேமராவையே வெட்டி மாற்றினார்கள். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் அதற்காக ஆஸ்கர் வாங்கினார், தகுதியானதுதான். ஆனால் அந்த லென்ஸில் ஃபோகஸ் ஆழம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஃபோகஸ் புல்லர் டக் மில்சம் என்ன செய்வார்? நடிகர் முன்னும் பின்னும் அசைவது கேமரா இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும். அதனால் ஒரு வீடியோ கேமராவைப் பக்கவாட்டில் வைத்து, அதன் திரையைப் பார்த்துத் தூரத்தைப் பிடித்தார்கள். மெழுகுவர்த்தி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஓவியம் போல அசையாமல் இருப்பதற்கு அந்த லென்ஸும் ஒரு காரணம். அசைந்தால் மங்கிவிடுவார்கள்.

அந்தப் படத்தின் ஆபரேட்டர்களில் ஒருவர் ரானி டெய்லர். அவர் பிற்பாடு ‘காந்தி’ படத்துக்கு பில்லி வில்லியம்ஸோடு சேர்ந்து ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் வாங்கினார். மில்சம் குப்ரிக்கின் ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் ஆனார். ஃபோகஸ் புல்லர், ஆபரேட்டர், ஒளிப்பதிவாளர் என்று படிப்படியாக ஏறும் ஏணி அது. ஒவ்வொரு படியிலும் பல வருடம் நின்று கற்றுக்கொண்டவர்கள்.

நம் நாட்டுக்கு வந்தால், இந்த இரண்டு வேலையும் எங்கே பிரிகின்றன என்பதைக் கல்கத்தாவில் பார்க்கலாம். சுப்ரதா மித்ரா, சத்யஜித் ராயின் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவாளராக வந்தபோது வயது 21. அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. அடுத்த படமான ‘அபராஜிதோ’வில், காசியில் குடும்பம் வசிக்கும் வீட்டின் முற்றத்தைக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா ஸ்டூடியோவுக்குள் கட்டினார். முற்றம் என்றால் வானத்து வெளிச்சம் மேலிருந்து மெத்தென்று இறங்கும், அழுத்தமான நிழல் விழாது. ஸ்டூடியோ விளக்கை நேராக அடித்தால் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று நிழல் விழும். மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளைக் கீழிருந்து மேல் நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பி இறங்கிய வெளிச்சம் அப்படியே வானம் போல இருந்தது. படம் வந்தது 1956-இல். இன்று தெர்மாகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு உதவியாளரும் அந்தத் துணியின் வாரிசு என்றே எனக்குத் தோன்றும்.

இப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருக்கும்போதே, 1964-இல் ‘சாருலதா’ படத்திலிருந்து சத்யஜித் ராய் கேமராவைத் தானே இயக்கத் தொடங்கினார். நடிகரின் முகத்தில் நடப்பதை லென்ஸ் வழியாகவே பார்த்தால்தான் ஷாட் சரியா இல்லையா என்று உறுதியாகத் தெரியும் என்பது அவர் எண்ணம். ஒளி மித்ராவுடையது, ஃபிரேம் ராயுடையது. கோடு அவ்வளவு தெளிவாக விழுந்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். ஆனால் மித்ராவின் இடத்தில் இருந்து யோசித்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. தான் இழைத்து இழைத்து அமைத்த வெளிச்சத்துக்குள் ஒரு முகம் திரும்பும் கணத்தை முதலில் பார்க்கும் கண் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று எந்த ஒளிப்பதிவாளருக்குத்தான் ஆசை இருக்காது? 1966-இல் வந்த ‘நாயக்’ படத்தோடு இருவரும் பிரிந்தார்கள்.

‘ஒளிப்பதிவு’ என்ற நம் சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அதில் கேமரா இல்லை, ஒளிதான் இருக்கிறது. ஆபரேட்டர் செய்வதற்கும் நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: படம் பிடிப்பது. ஓடுகிற ஒன்றைப் பிடிப்பது போல, கிளையில் வந்து உட்கார்ந்த பறவையைப் பிடிப்பது போல. தமிழ் பேசுகிறவர்கள் இந்த இரண்டு வேலையையும் எப்போதோ பிரித்து வைத்துவிட்டார்கள்.

ஆபரேட்டரின் பெயர் வெளியே தெரியத் தொடங்கியது ஸ்டெடிகேம் வந்த பிறகுதான். காரெட் பிரவுன் கண்டுபிடித்த அந்தக் கருவி, கேமராவை உடம்போடு கட்டிக்கொண்டு நடந்தாலும் படம் குலுங்காமல் பார்த்துக்கொள்ளும். 1976-இல் ‘பவுண்ட் ஃபார் குளோரி’ படத்தில் அவர் கிரேனில் உயரத்திலிருந்து இறங்கி, தரையில் கால் வைத்து, அப்படியே கூட்டத்துக்குள் நடந்துபோனார். ஒரே ஷாட். ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் படத்தின் ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லருக்குப் போனது. ‘குட்ஃபெல்லாஸ்’ படத்தில் பின்வாசல் வழியாக, சமையலறையைக் கடந்து, கிளப்புக்குள் காதலியைக் கூட்டிப்போகும் ஷாட்டை உலகமே கொண்டாடுகிறது. அதை உடம்பில் சுமந்து நடந்தவர் லாரி மெக்கான்கி. ஒளிப்பதிவாளர் மைக்கேல் பால்ஹாஸ். இயக்குநர் பெயர் எல்லோருக்கும் தெரியும், பால்ஹாஸ் பெயர் சிலருக்கு, மெக்கான்கி பெயர் அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு. ஆபரேட்டர்களுக்கென்று 1979-இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டு, அது இன்று ஆண்டுதோறும் விருதும் கொடுக்கிறது. ஆஸ்கரில் இன்னும் அவர்களுக்கு ஒரு பிரிவு கிடையாது.

கோடு முழுக்க அழிந்துபோன ஒரு நாளும் உண்டு. 2001 டிசம்பர் 23. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம். ‘ரஷ்யன் ஆர்க்’ படத்தை அலெக்சாண்டர் சொகுரோவ் வெட்டே இல்லாமல், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ஒரே ஷாட்டாக எடுத்தார். ஸ்டெடிகேமைச் சுமந்தவர் டில்மன் பியூட்னர். முதல் மூன்று முயற்சிகள் பாதியில் நின்றன, நான்காவதில் முடிந்தது. அறை அறையாக, ஆயிரக்கணக்கான நடிகர்களுக்கு நடுவில், அந்தப் பாரத்தோடு நடந்த மனிதரை ஆபரேட்டர் என்று மட்டும் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. டைட்டிலில் அவர் ஒளிப்பதிவாளர்.

தொழில்நுட்பம் இன்னொரு பக்கமும் இழுக்கிறது. ‘1917’ படத்தில் பல ஷாட்டுகளில் கேமரா ஆள் கையிலிருந்து கம்பிக்கும், கம்பியிலிருந்து வண்டிக்கும் மாறிக்கொண்டே போகும். வழக்கமாகத் தானே கேமரா இயக்கும் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் இங்கே தூரத்தில் ஒரு வேனுக்குள் உட்கார்ந்து அதைத் திருப்பினார். இப்படித் தொலைவிலிருந்து இயக்குவதற்கு இரண்டு சக்கரங்கள் இருக்கும். ஒன்று பக்கவாட்டுக்கு, ஒன்று மேல் கீழுக்கு. இரண்டு கையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவேண்டும். பழகுகிறவர்கள் சுவரில் எட்டு வரைந்து வைத்து, கேமராவால் அந்தக் கோட்டின் மேலேயே போய்வருவார்கள். நம் ஊரில் லைசென்ஸுக்கு பைக்கில் எட்டு போடுவது போலத்தான், கால் ஊன்றாமல் போடவேண்டும்.

தமிழ் சினிமாவில் இன்று ஒளிப்பதிவாளர்கள் பலர் கேமராவைத் தாங்களே இயக்குகிறார்கள். சண்டைக்காட்சி, திருவிழாக்கூட்டம் என்று நான்கைந்து கேமரா ஓடும் நாளில் மூத்த உதவியாளர்கள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்வார்கள். ஸ்டெடிகேம், நீளமான கையின் முனையில் கேமராவைத் தூக்கும் ஜிம்மி ஜிப் என்றால் அதற்கென்று இருக்கும் ஆபரேட்டர் கருவியோடு வந்து நாள் கணக்கில் வேலை செய்துவிட்டுப் போவார். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய முன்மாதிரி, மட்டக்களப்பில் பிறந்து புனேயில் படித்து வந்த பாலுமகேந்திரா. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் அவரே. ராய்க்கும் மித்ராவுக்கும் நடுவில் விழுந்த கோடு அவருக்குள் விழவே இல்லை. ‘கோகிலா’வுக்கும் ‘மூன்றாம் பிறை’க்கும் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது வாங்கினார், இரண்டுமே அவர் இயக்கிய படங்கள். பிரிட்டிஷ் ஏணிக்குப் பதிலாக நம்மிடம் இருப்பது குருகுலம். பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளர்களாக இருந்த கே.வி. ஆனந்த், ஜீவா, திரு எல்லோரும் பின்னால் தனித்தனியே பெயர் வாங்கியவர்கள்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. தானே இயக்கும் ஒளிப்பதிவாளர், டேக் ஓடும்போது ஃபிரேமைப் பார்ப்பாரா, வெளிச்சத்தைப் பார்ப்பாரா? வியூஃபைண்டரில் கண் வைத்தவர் வெளியே மேகம் மறைப்பதைக் கவனிக்க முடியாது. வெளிச்சத்தைக் கவனித்தால் முழங்காலில் ஊன்றும் அந்தக் கை தப்பிவிடும். மேதைகள் இரண்டையும் பார்த்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு நல்ல ஆபரேட்டர் பக்கத்தில் இருப்பது பெரிய பலம், அந்தச் சம்பளம் வீண் செலவும் ஆகாது. ‘ஆபரேட்டிவ் கேமராமேன்’ என்ற அந்தச் சின்ன எழுத்து நம் டைட்டில்களில் அரிதாகிவிட்டதில் எனக்கு வருத்தம்தான்.

அந்தச் சின்ன எழுத்தில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1951-இல் பம்பாயில் குரு தத் தன் முதல் படமான ‘பாஸி’யை இயக்கிக்கொண்டிருந்தார். ஒளிப்பதிவாளர் வி. ராத்ரா. கேமராவை இயக்கியவர் மைசூர்க்காரரான வி.கே. மூர்த்தி. ஒரு பாடல் காட்சியில், கண்ணாடியில் பிம்பமாகத் தொடங்கி நகரும் கடினமான ஒரு ஷாட்டை மூர்த்தி யோசனையாகச் சொன்னார். செய்துகாட்டு என்று விட்டார்கள், செய்துகாட்டினார். அடுத்த படமான ‘ஜால்’ தொடங்கி மூர்த்திதான் குரு தத்தின் ஒளிப்பதிவாளர். ‘காகஸ் கே ஃபூல்’ படத்தில் இருட்டு ஸ்டூடியோவுக்குள் தூண் போல இறங்கும் அந்த வெளிச்சத்தை, வெளியே இருந்த வெயிலைப் பெரிய கண்ணாடிகளால் திருப்பி உள்ளே கொண்டுவந்தவர் அவர். தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளரும் அவரே. 2010-இல் அதை வாங்கியபோது அவருக்கு 86 வயது.